‘யாருக்கும் இல்லாத பெயர்’: கட்டணப் பெயர்த் தேர்வுச் சேவை ஒன்றில் எங்கள் அனுபவம்

பாம்பன் தெற்குவாடியில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்யும் என் தம்பிக்குக் கார்த்திகை மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. உத்திரட்டாதி, முதல் பாதம்; பஞ்சாங்கப்படி ‘து’ என்னும் எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும். ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பது தம்பி மனைவியின் ஆசை. அவள் உறவினர் ஒருவர் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்து, வாட்சப் வழியே பெயர் தேர்ந்து கொடுக்கும் ஒரு சேவைக்கு 1,500 ரூபாய் கட்டினோம். அந்தச் சேவையின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. இதே முறையில் இதே வேலையைச் செய்பவர்கள் பலர் இருப்பதால், இத்தகைய சேவையில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்று சொல்வதுதான் பணம் கட்ட நினைக்கும் பெற்றோருக்குப் பயன்படும்.

முதலில் அவர்கள் சரியாகச் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதி, நேரம், ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றைக் கேட்டார்கள்; மூன்று நாளில் தருவதாகச் சொல்லி மூன்றாம் நாள் காலையிலேயே 12 பெயர்கள் கொண்ட பட்டியலைப் பிடிஎப் கோப்பாக அனுப்பிவிட்டார்கள். நட்சத்திரமும் பாதமும் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் பார்த்ததோடு ஒத்துப்போயின. தொலைபேசியில் பேசிய பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். கூடுதல் கட்டணத்துக்குப் பரிகாரம், பூசை என்று எதையும் வற்புறுத்தவில்லை. பட்டியலில் இரண்டு பெயர்கள் உண்மையாகவே நல்ல பெயர்கள். துஷார் என்பதற்குப் பனி என்று சரியாகப் பொருள் கொடுத்திருந்தார்கள். துருவன் என்பது நிலைபெற்றவன்; இரவில் கடலில் திசை பார்க்க உதவும் துருவ விண்மீனுக்கும் அதுவே பெயர் என்பதால் கடற்கரைப் பிள்ளைக்குப் பொருத்தமானதுதான். தம்பி மனைவியும் அதை விரும்பினாள். ஆனால் அவள் அக்கா மகனுக்கே துருவ் என்று பெயர் இருப்பதால் அது நிற்கவில்லை.

என் மனம் நின்றுபோன இடம் பட்டியலின் நான்காவது பெயர். ‘துவிஷ்’ என்று எழுதி, எதிரே ‘ஒளி, பிரகாசம்’ என்று பொருள் கொடுத்திருந்தார்கள். தம்பிக்குப் பிடித்துவிட்டது, தொட்டிலுக்கு அட்டை அச்சடிக்கச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டான். அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கும் எனக்குச் சமஸ்கிருதம் அதிகம் தெரியாது. ஆனாலும் தெரியாத சொல்லை அகராதியில் பார்க்காமல் விடும் பழக்கமில்லை. மோனியர் வில்லியம்ஸ் தொகுத்த சமஸ்கிருத அகராதியைக் கொலோன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் தேடியபோது இரண்டு சொற்கள் வந்தன. வல்லொலித் தகரத்தில், அதாவது ‘தலை’ என்பதில் வரும் ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு ஒளி என்றே பொருள். ‘தானம்’, ‘தயை’ ஆகியவற்றில் வரும் மெல்லிய ஒலியில் தொடங்கும் சொல்லுக்கோ வெறுப்பு, பகைவன் என்று பொருள். துவேஷம் என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நட்சத்திர எழுத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக அவர்கள் ஆங்கிலத்தில் T போடாமல் D என்ற எழுத்தைப் போட்டுத் தொடங்கியிருந்தார்கள். ஆக, சான்றிதழில் ஏறப்போகும் எழுத்துப்படி எங்கள் பிள்ளையின் பெயர் பகைவன் என்றாகியிருக்கும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளைக்குப் பெயர் சொல்பவர்கள் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

அதன் பிறகு மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ‘துர்’ என்று தொடங்கும் பெயர்கள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் வலிமை, வெற்றி என்று பொருள் எழுதியிருந்தது. துர்நாற்றம், துர்ப்பாக்கியம், துர்ச்சகுனம் என்று அந்த முன்னொட்டைத் தமிழில் நாம் எங்கே பயன்படுத்துகிறோம் என்பது பெயர் சொல்பவர்களுக்கு உறைக்கவில்லை. துர்க்கை என்ற பெயரில் அது எளிதில் நெருங்க முடியாதவள் என்ற பெருமையைத் தருகிறது என்பது உண்மைதான். அப்படி வழக்கில் வேர்பிடித்த பெயர் வேறு, முன்னொட்டோடு ஏதோ ஓர் ஒலியை ஒட்டவைத்துப் புதிதாகச் செய்த பெயர் வேறு. மற்ற சில பெயர்களுக்கு எந்த அகராதியிலும் இடமில்லை.

எண்கணிதம் என்ற பெயரில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டியதும் எனக்குக் கவலை தந்தது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை எண் கொடுத்துக் கூட்டுவது அவர்கள் கடைப்பிடிக்கும் முறை. அந்தக் கூட்டுத்தொகை சரியாக வருவதற்காக ஒரு பெயரில் இரண்டு ‘ஐ’, இன்னொன்றில் ஒலிக்காத ஒரு ‘எச்’ என்று சேர்த்திருந்தார்கள். நம்பிக்கை உள்ளவர்களின் மனத்தை நோகடிக்க நான் விரும்பவில்லை. என் அம்மாவுக்கே அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நாள்களில் ஆசிரியர்கள் படும் பாட்டை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் வேறோர் எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று என்று இருக்கும். மகனைக் கடலுக்கு அனுப்பாமல் படிக்கவைக்க வேண்டும் என்று நினைக்கும் தகப்பன் ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு அந்த ஓர் எழுத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவார். ஒலிக்காத எழுத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எழுதுபவர் காதில் விழுந்ததை எழுதிவிடுவார். இந்தச் சேவை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எச்சரிக்கவில்லை.

‘யாருக்கும் இல்லாத பெயர்’ என்பது அவர்கள் விளம்பரத்தின் தலைப்பு. என் வகுப்பில் ரித்விக், ருத்விக், ஹிருத்விக் என்று மூவர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பெற்றோரும் தனித்தனியாக அபூர்வமான பெயர் என்று நம்பித்தான் வைத்திருப்பார்கள். வருகைப் பதிவின்போது ஒருவன் பெயரைச் சொன்னால் இருவர் எழுந்திருக்கிறார்கள். வேள்வி செய்யும் புரோகிதரைக் குறிக்கும் நல்ல சொல்தான் ரித்விக், சொல்லில் குறையில்லை. ஒரே பட்டியல் பல வீடுகளுக்குப் போவதுதான் குறை. எங்களுக்கு வந்த 12 பெயர்களிலும் எட்டுப் பெயர்கள் ‘ஷ்’, ‘த்’, ‘க்’ என்று மெய்யெழுத்தில்தான் முடிந்தன.

அபூர்வமான பெயருக்கு எங்கள் கடற்கரை பஞ்சப்பட்டதே இல்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இராமேசுவரம் தீவை விட்டுத் தாண்டினால் நம்புராஜன், நம்புக்குமார் என்ற பெயர்களைக் கேட்பது அரிது. தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கோயில் கொண்டிருக்கும் நம்புநாயகி அம்மன் கொடுத்த பெயர்கள் அவை. என் அப்பா பெயரும் நம்பு என்றுதான் தொடங்கும். திருப்புல்லாணிப் பக்கம் போனால் தெய்வச்சிலை என்ற பெயர் காதில் விழும். வெளியூர் ஆசிரியர்கள் அதைத் தெய்வத்தின் உருவச்சிலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே சிலை என்றால் வில். கோயிலில் தெய்வச்சிலையாராக எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருப்பெயர் அது. அந்தப் பெயரை உடைய ஒரு மாணவனுக்கு அதன் பொருளை நான் சொன்ன நாளில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை இன்னும் மறக்கவில்லை. தாயுமானவன் என்று ஒரு பெயர் உண்டு. தாயுமானவர் அடங்கிய இடம் இராமநாதபுரத்திலேயே இருந்தும், அந்தப் பெயரை இப்போது பிள்ளைகளுக்கு வைப்பதைக் காண முடிவதில்லை.

வெளியிலிருந்து வந்த பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கரை எத்தனையோ பெயர்களை வாங்கித் தன் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டிருக்கிறது. தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோவிலின் பெயரால் சந்தியாகு என்று அழைக்கப்படும் ஆண்கள் இங்கே உண்டு. அது போர்ச்சுகீசியர் வழி வந்த சாந்தியாகோ. கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிரைத் தமிழ் வாய் சீதக்காதி என்று சொல்லிச் சொல்லி, செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி என்று பழமொழியே ஆக்கிவிட்டது. போர்ச்சுகலிலிருந்து வந்து 1693 இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜான் டி பிரிட்டோ, தம்மை அருளானந்தர் என்று அழைத்துக்கொண்டார். இராமேசுவரத்தில் 1931 இல் பிறந்த அப்துல் கலாம் தம் பெயருக்கு முன்னால் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று மூன்று தலைமுறையைச் சுமந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை போனார். இந்தப் பெயர்களிலெல்லாம் ஒரு தெய்வமோ, ஒரு மனிதரோ, ஓர் ஊரோ இருக்கிறது. எங்களுக்கு வந்த பட்டியலிலோ துருவனைத் தவிர மற்றப் பெயர்களுக்குப் பின்னால் சொல்ல ஒரு கதைகூட இல்லை.

இன்னொரு குறையைச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. பெயர் என்பது எழுதுவதற்கு முன்னால் கூப்பிடுவதற்கு. தமிழில் விளி என்பதைத் தனி வேற்றுமையாகவே வைத்திருக்கிறோம்; தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. முருகன் முருகா என்றும், நம்பி நம்பீ என்றும் நீள்வது தூரத்தில் இருப்பவன் காதில் விழுவதற்காக. கடலோரத்தில் இது இலக்கணப் பாடத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. படகு இயந்திரம் ஓடும்போதும், காற்று எதிர்த்து அடிக்கும்போதும், வலையை இழுக்கும் ஆள் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் கடைசி உயிரொலி நீண்டாக வேண்டும். மெய்யெழுத்தில் வெட்டி நிற்கும் பெயரை இங்குள்ளவர்கள் எப்படியும் ‘ரித்விக்கு’ என்று ஓர் உகரம் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அப்போதும் அது எட்டடிக்கு மேல் போவதில்லை.

தம்பியிடம் இதை வாதமாகச் சொல்லி வெல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். மார்கழி மாத மாலை ஒன்றில் அவனையே பட்டியலை எடுத்துக்கொண்டு படகில் ஏறச் சொன்னேன். வாடைக்காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. கூப்பிடும் குரல் அதை எதிர்த்துத்தான் வர வேண்டும். அவன் படகில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, நானும் பிள்ளையைப் பெற்றவளும் கரையில் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டோம். துவிஷ் என்று அவன் கத்தியது எங்களுக்கு இருமல் போலத்தான் கேட்டது. துஷார், ‘சார்’ என்று மட்டும் வந்தது. துருவா என்றபோது தெளிவாகக் கேட்டது. கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒரு பெயரை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ‘துறைவா’ என்று அவன் நீட்டிக் கூப்பிட்டபோது, பக்கத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரும் நிமிர்ந்து பார்த்தார். தம்பி மனைவி, ‘மதினி, இது யாருக்கும் இல்லையே?’ என்று மட்டும் கேட்டாள்.

துறைவன் என்பது நெய்தல் நிலத் தலைவனைக் குறிக்கும் சொல். சங்க அகப்பாடல்களில் கடற்கரைத் தலைவனைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. சேர்ப்பன், கொண்கன், புலம்பன், துறைவன் என்று நிலத்தை வைத்தே அழைப்பார்கள். தமிழ் லெக்சிகனில் அந்தச் சொல் இருக்கிறது. நட்சத்திர எழுத்தும் ‘து’. துறை என்று கடற்கரையில் வாயில் புழங்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஆதன் என்ற பெயரையும் எண்ணிப் பார்த்தோம். வைகைக் கரையில் கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் கீறப்பட்ட பெயர் அது, அதே வைகை கடலில் கலக்கும் பக்கத்து அழகன்குளத்திலும் எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. எழுத்துப் பொருந்தாததால் அம்மா ஒப்பவில்லை.

துறைவனுக்கும் அம்மா உடனே ஒப்பிவிடவில்லை. தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர்தான் என்பது அவர் கணக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. அது போதாதென்று காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. ‘என்னத்தா, துறவின்னா பேரு விடப் போறீக? எம்பேரன் சாமியாராப் போகவா?’ என்று கண்கலங்கிவிட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. நாளை பள்ளியில் ஒரு பையனும் அப்படிக் கேலி செய்யலாம் என்பதால் இரண்டு நாள் நானே தயங்கினேன். பிறகு, படகு கட்டும் துறையைக் காட்டி, இந்தத் துறைக்கு உடையவன் என்று பொருள் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. ‘அப்ப நான் தொரைன்னு கூப்பிட்டுக்கறேன்’ என்றார். ற, ர என்னும் வேறுபாட்டைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை; அப்பத்தா வாயில் செல்லப் பெயராகத் துரை என்று அழைக்கப்படுவது எந்தப் பிள்ளைக்கும் குறைவன்று. முப்பதாம் நாள் தொட்டில் போட்டபோது, அவன் காதில் முதலில் நம்பு என்று தாத்தா பெயரையும், பிறகு துறைவன் என்று அவன் பெயரையும் அத்தை என்ற முறையில் நான்தான் சொன்னேன்.

சான்றிதழ் குறித்தும் ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஏனெனில் ‘21 நாளுக்குள் பெயரை முடிவு செய்யாவிட்டால் சிக்கல்’ என்று இந்தச் சேவை எங்களை அவசரப்படுத்தியது. அது தவறு. 1969 ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள் என்பது பிறப்பைப் பதிவதற்கு உரிய காலம். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். பிறகு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பின்னும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் ஒரு முறை ஏறிய பெயரை மாற்றுவது எளிதன்று. அரசிதழில் வெளியிடும் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அதில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் முக்கியம். எங்கள் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றியவர் முதலில் ‘துரைவன்’ என்று அடித்துவிட்டார். ஆங்கிலத்தில் ற, ர இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்பதால் ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்திருந்தால் பிழை தெரிந்திருக்காது. தம்பி திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லித் தமிழ் எழுத்தைப் படித்துப் பார்த்ததால் அங்கேயே திருத்த முடிந்தது. அரிய பெயர் வைப்பவர்கள் இந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட வேண்டாம்.

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் இரண்டு கொடுப்பேன். ஒன்று நேரம் தவறாமைக்கு, இன்னொன்று மரியாதையான பேச்சுக்கு. நட்சத்திர எழுத்தைக் கணித்துத் தருவதற்கு மட்டும் என்றால் 1,500 ரூபாய் மிக அதிகம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவர் வெற்றிலை பாக்குக்குச் சொல்லிவிடுவார். பொருள் தெரிந்து தேர்ந்து தருவதற்குத்தான் அந்தப் பணம் என்றால் அந்த வேலை நடக்கவில்லை. இதே போன்ற சேவையை நாடுபவர்கள் பணம் கட்டும் முன், ஒவ்வொரு பெயரும் எந்த மொழிச் சொல், எந்த அகராதியில் இருக்கிறது என்று எழுதித் தருவார்களா எனக் கேளுங்கள். தர மறுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துவிஷ் பற்றி நான் அகராதிப் பக்கத்தைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினேன். நன்றி தெரிவித்து, ஆங்கிலத்தில் முதலெழுத்தை மாற்றிக்கொள்ளுமாறு எங்களுக்குப் பதில் எழுதினார்கள். அவர்களிடம் முன்பே அதே பெயரை வாங்கிய மற்ற வீடுகளுக்கும் இதைச் சொல்லிவிடுமாறு கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. உத்திரட்டாதி முதல் பாதத்தில் பிறந்த உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு பட்டியல் வந்து, அதில் இந்தப் பெயரும் இருந்தால், சான்றிதழில் ஏற்றுவதற்கு முன் அதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.